பழைய அலுமாரியும் புதிய அடுக்களையும்

பழைய வீடொன்றைப் புதுக்க முற்படுவோர் முதலில் முன்விறாந்தையையே நோக்குவர். அடுத்து வரவேற்பறைக்கு வர்ணம் பூசுவர். பின்னர் படலையைப் புதிதாக்குவர். கையிலிருந்த பணம் கரைந்து, மேசனும் தச்சரும் விடைபெறும் வேளையிலேதான் வீட்டின் பின்புறத்தில் அடுக்களை என்று ஒன்று உண்டென்பது நினைவுக்கு வரும். வந்துபோகும் விருந்தினர் விறாந்தையில் அரை மணி நேரம் இருப்பர். வீட்டுப் பெண்ணோ, விடியற்காலைத் தேநீர் தொடங்கி இராச் சாப்பாட்டுச் சட்டி கழுவிக் கவிழ்க்கும்வரை, தன் நாளின் பெரும்பகுதியை அடுக்களையிலேயே கழிக்கின்றாள். அரை மணி நேரத்து விருந்தினருக்காகச் செலவிடும் பணத்தில் ஒரு பங்கேனும் அவளுக்கென ஒதுக்கப்படுவதில்லை என்பது நம் வீடுகளில் நெடுங்காலமாக நடந்துவரும் அநீதி.

பணம் இல்லை என்பது உண்மையான காரணந்தான். 2022ஆம் ஆண்டு மார்ச் மாதத் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த அமெரிக்க டொலர், மே மாதமளவில் 360 ரூபாயை எட்டியது. அதனோடு இறக்குமதிப் பலகை, பிணைச்சல், பூட்டு, நீர்க்குழாய் ஆகிய யாவும் விலையேறின. கடைகளிலே கண்ணாடிபோல் மின்னும் ஆயத்த அலுமாரித் தொகுதிகள், மாதச் சம்பளத்தில் வாழும் குடும்பத்துக்கு எட்டாக் கனியாயின. ஆயினும் அதே ஊரிலே, எத்தனையோ வீடுகளின் பின்கொட்டில்களில், தேக்கிலும் முதிரையிலும் பலாவிலும் செய்த பழைய அலுமாரிகள் கோழி அடைகாக்க இடங்கொடுத்துக்கொண்டு கிடக்கின்றன. இவ்விரண்டையும் ஒன்றுசேர்த்தால் ஒரு நல்ல அடுக்களை அமையுமா என்பதே கேள்வி. அமையும். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. சமைப்பவளுடைய உடலின் அளவுக்கு அலுமாரி பொருந்த வேண்டுமேயன்றி, கிடைத்த அலுமாரிக்கு அவள் பொருந்திக்கொள்ளக் கூடாது.

நம் நாட்டில் வழங்கும் சொற்களையே சிறிது கவனித்துப் பார்க்கலாம். குசினி, அலுமாரி, யன்னல் என்பன போர்த்துக்கேயர் விட்டுச் சென்ற சொற்கள். இலாச்சி என்பது ஒல்லாந்தர் தந்தது. அம்மி, உரல், உறி, அடுப்பு ஆகியன நம்முடையவை. இவ்விரு வகைப் பொருட்களின் இயல்பையும் நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். நம் முன்னோரின் அடுக்களை, தரையில் இருந்து வேலை செய்வோரின் அடுக்களை. அரிவாளில் காய்கறி அரிவதும், திருவலையில் தேங்காய் திருவுவதும், அம்மியில் அரைப்பதும் இருந்து செய்யும் வேலைகள். பொருளை வைப்பதற்கு உறியும் பரணும் போதுமாயிருந்தன. கதவும் தட்டும் இலாச்சியும் கொண்ட பெட்டகங்கள், நின்று வேலை செய்யும் நாட்டாரோடு வந்தவை. இன்று நம் வீடுகளிலே அரைகுறையாக இவ்விரண்டும் கலந்து கிடக்கின்றன. எரிவாயு அடுப்பு மேடையின் மேலே, அம்மி தரையிலே, மிளகாய்த்தூட் போத்தல் எட்டாத தட்டிலே. ஒரு கறி இறக்குவதற்குள் நாற்பது முறை குனிந்து நிமிர வேண்டியிருக்கின்றது.

நின்று செய்யும் அடுக்களையை ஆராய்ச்சி முறையில் வகுத்தவர்களுள் முதன்மையானவர் மார்கரேட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்னும் ஆஸ்திரிய நாட்டுக் கட்டடக் கலைஞர். 1926ஆம் ஆண்டில், ஜெர்மனியின் பிராங்பேட் நகரில் தொழிலாளருக்கெனக் கட்டப்பட்ட வீடுகளுக்காக அவர் ஓர் அடுக்களையை வகுத்தார். அகலம் 1.9 மீற்றர், நீளம் 3.4 மீற்றர், அவ்வளவே. ஏறத்தாழ 10,000 வீடுகளில் அஃது அமைக்கப்பட்டது. புகைவண்டியின் உணவுப் பெட்டியில் இருக்கும் சிறு சமையலறையே அவருக்கு முன்மாதிரியாயிற்று. வேடிக்கை யாதெனில், அதுவரை தாம் வீடு நடத்தியதுமில்லை, சமைத்ததுமில்லை என்று அவரே பிற்காலத்தில் கூறியுள்ளார். சமைக்கத் தெரியாத ஒருவர், சமைப்பவர் எத்தனை அடி நடக்கின்றார், எங்கே திரும்புகின்றார், எதை எடுக்கக் கை நீட்டுகின்றார் என்பனவற்றை அளந்தறிந்து வேலையை முடித்தார். அதே வேலையை நம் வீட்டிலும் செய்யலாம். ஒரு விடுமுறை நாளில் வீட்டுத் தலைவர் அடுக்களை வாயிலில் ஒரு கதிரையைப் போட்டு அமர்ந்து, மனைவி மதியச் சமையல் முடிக்கும்வரை வாய் திறவாமல் கவனித்து, நடக்கும் வழியைக் கடதாசியில் கோடு கோடாக வரைந்து வருவாராயின், தச்சரை அழைக்குமுன்பே பாதி வேலை முடிந்துவிடும். வாய் திறவாமல் இருப்பதுதான் அதிற் கடினமான பகுதி.

நிற்க. உயரத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனெனில், கடையில் வாங்கும் தொகுதியாயினும் மேசன் கட்டும் மேடையாயினும் தவறு பெரும்பாலும் இங்கேதான் நேர்கின்றது. மேனாட்டு வழக்கில் வேலைமேடை 36 அங்குல உயரம். அவ்வளவையே இங்கும் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றுகின்றனர். ஐந்தடி உயரமுள்ள பெண்ணொருத்தி நேராக நின்று முழங்கையை மடித்தால், அந்த முழங்கை தரையிலிருந்து ஏறத்தாழ 37 அங்குலத்தில் இருக்கும். வெட்டுவதற்கும் பிசைவதற்கும் மேடை, முழங்கைக்கு நான்கு அங்குலமாவது தாழ்ந்திருக்க வேண்டும். ஆகவே அவளுக்குத் தகுந்த உயரம் 33 அங்குலம். 36 அங்குல மேடையில் அவள் தோளை உயர்த்தியே நாள்முழுதும் வேலை செய்கின்றாள். மாலையில் கழுத்தும் தோளும் நோகும்போது அதற்குக் காரணம் வயது என்று எண்ணிக்கொள்கின்றாள். பாத்திரங் கழுவும் தொட்டிக்கு மட்டும் வேறு கணக்கு. கை சென்று சேருமிடம் தொட்டியின் அடி. ஆதலின் அதன் விளிம்பு மேடையைவிட ஓரிரு அங்குலம் உயர்ந்திருப்பதே முதுகுக்கு நல்லது. பெரிய பானை வைக்கும் விறகடுப்போ நன்கு தாழ்ந்திருக்க வேண்டும். கொதிக்கும் கஞ்சியை வடிப்பவள் பானையின் வாயை மேலிருந்து பார்க்கக் கூடிய உயரமே அதற்கு ஏற்றது.

இனி, அலுமாரி தேடும் படலம். பழைய வீடு இடிபடும் இடம், மூடப்படும் கடை, பிள்ளைகளிடம் வெளிநாடு செல்வோர் விற்றுப்போகும் தளபாடம் ஆகியன ஒருபுறமிருக்க, அரசாங்க அலுவலகங்களிலும் பாடசாலைகளிலும் ஆண்டுதோறும் பொருட்களைக் கணக்கெடுத்து, பாவனைக்குதவாதவை என ஒதுக்கியவற்றை ஏலத்தில் விற்கும் வழக்கமும் உண்டு. ஒரு கால் ஒடிந்தமையால் ஒதுக்கப்பட்ட அலுமாரியின் மற்றப் பலகைகள் யாவும் இரும்புபோல் இருத்தல் கூடும். ஏலத்தில் அதனை விறகு விலைக்குக் கேட்பவரே மிகுதி.

வாங்குமுன் செய்ய வேண்டிய சோதனைகள் எளியவை. அலுமாரியைத் திருப்பி, அதன் முதுகையும் அடியையும் பார்க்க வேண்டும். முகத்தை மட்டும் பார்த்து வாங்கியவர் பலர் ஏமாந்தனர். அடிச்சட்டத்தைத் தச்சரின் குத்தூசியால் அழுத்தினால், கறையான் தின்ற மரம் பாண்போல உள்ளே இறங்கும். குண்டூசித் தலையளவு துளைகளும் அவற்றின் கீழே மாவுபோன்ற தூளும் தென்படின், உளு இன்னும் உயிரோடிருக்கின்றது என்பது பொருள். அதனை வீட்டுக்குள் கொண்டுவருதல், நல்ல மரங்களுக்கும் நோயைக் கொண்டுவருதலாகும். மரத்தூளைப் பசையிட்டு அழுத்திச் செய்த பலகையாயின் மேலும் எச்சரிக்கை வேண்டும். நீர் பட்ட இடத்தில் அது பணியாரம்போல் ஊதிவிடும். ஊதியது பின்னர் வற்றாது. ஒருமுறை கழற்றிய திருகாணி அதே துளையில் மறுமுறை பிடிக்கவும் மாட்டாது. துளையைப் பெருப்பித்து, பசை தடவிய மரமுளையை அடித்து, அம்முளையிலேயே திருகாணியைப் பூட்டினால் ஓரளவு நிற்கும். உண்மை மரத்தால் ஆனதும், நல்ல ஒட்டுப்பலகையால் ஆனதுமே கழற்றிப் பூட்டும் வேலைக்கு ஏற்றவை. துகட்பலகை இலவசமாகக் கிடைத்தாலும், நீர்த்தொட்டியின் அருகே அதற்கு இடமில்லை.

அலுமாரி கிடைத்தவுடன் அதன் தலைமேல் கல்மேடையைச் சுமத்த எண்ணுவோர் உளர். அது தவறு. பழைய மரத்தின் மூட்டுகள் அப்பாரத்துக்காகச் செய்யப்பட்டவை அல்ல. சுமக்கும் வேலையைச் சுவருக்குக் கொடுத்து, சேமிக்கும் வேலையை மட்டும் அலுமாரிக்குக் கொடுப்பதே முறை. அஃதாவது, சீமெந்துக் கல்லினால் குட்டையான குறுக்குச் சுவர்களை எழுப்பி, அவற்றின்மேல் கம்பி கட்டிய மூன்று அங்குலச் சீமெந்துத் தட்டை வார்த்து, கீழே உண்டாகும் அறைகளுக்குள் பழைய அலுமாரிகளைப் பெட்டிகள்போல் தள்ளிவிட வேண்டும். தட்டின் மேற்புறத்தை அழுத்தித் தேய்த்து மினுக்கினால் அதுவே வேலைமேடையாகும். கருங்கற் பலகை வாங்கப் பணம் பின்னர் கிடைத்தால் அதன்மேல் பதித்துக்கொள்ளலாம். இம்முறையின் சிறப்பு யாதெனில், என்றோ ஒரு நாள் ஓர் அலுமாரி உக்கிப்போனால், மேடையை உடையாமல் அதை மட்டும் இழுத்தெடுத்து வேறொன்றைச் செருகலாம். அலுமாரிகளை முதலில் வாங்கி, அளந்து, ஒவ்வொரு புறமும் அரை அங்குலம் இடைவெளி விட்டுச் சுவரைக் கட்டுவிக்க வேண்டும். சுவரைக் கட்டிவிட்டு அதற்குத் தக்க அலுமாரி தேடி அலைவது, தொப்பியை வாங்கிவிட்டுத் தலையைத் தேடுவது போலாகும்.

உதாரணமாக, ஏலத்தில் எடுத்த ஆறடி அலுமாரி ஒன்றைக் கொள்வோம். நம் மேடையின் உயரம் 33 அங்குலம். அதிலே தட்டின் கனம் 3, தரையோடு கட்டும் திண்ணை 4, எஞ்சுவது 26. உள்ளே தள்ளவும் இழுக்கவும் அரை அங்குலம் விட்டால், பெட்டியின் உயரம் 25½ அங்குலம். 72 அங்குல அலுமாரியைக் குறுக்கே அறுத்தால் இத்தகைய பெட்டிகள் இரண்டும், ஏறத்தாழ 20 அங்குலத்தில் ஒரு சிறு பெட்டியும் கிடைக்கும். அறுத்த இடங்களில் புதிய அடியும் மேலும் வைத்து, கதவின் அறுத்த விளிம்புக்கு ஒரு சிலாகை பொருத்த வேண்டும். அதற்கும் வேறு பலகை வாங்க வேண்டியதில்லை. அலுமாரியின் உட்தட்டுகளிலேயே அது கிடைத்துவிடும். அந்த 20 அங்குலப் பெட்டி கோப்பை, தட்டு வைக்கச் சுவரில் மாட்ட உதவும். ஆனால் பழைய சுண்ணாம்புச் சாந்துச் சுவரில் ஓர் ஆணியை நம்பிப் பீங்கான் நிறைந்த பெட்டியைத் தொங்கவிடலாகாது. சுவரில் பதித்த இரும்புத் தாங்கிகளின்மேல் அதனை இருத்துவதே பத்திரம். அடுப்புக்கு நேர்மேலே எதையும் மாட்டாதிருப்பது அதனினும் பத்திரம்.

மேலே சொன்ன நான்கு அங்குலத் திண்ணை அலங்காரத்துக்கன்று. நம் வீடுகளில் அடுக்களைத் தரையை நீரூற்றிக் கழுவுவர். மேனாட்டுத் தொகுதிகள் நம்மிடம் விரைவில் அழிவதற்கு இதுவே பெருங்காரணம். அவை துடைக்கப்படும் தரைக்குச் செய்யப்பட்டவை, கழுவப்படும் தரைக்கன்று. அலுமாரியைத் தரையில் வையாது திண்ணையில் ஏற்றினால் நீரும் தொடாது. கறையான் ஏறினாலும் அதன் மண்கோடு கண்ணுக்குத் தெரியும். திண்ணையின் முன்விளிம்பை மூன்று அங்குலம் உள்ளே தள்ளிக் கட்டினால், நிற்பவளின் கால்விரல்களுக்கு இடம் கிடைக்கும். மேடையோடு அணைந்து நிற்கலாம். பழைய அலுமாரிகளின் ஆழம் பெரும்பாலும் ஒன்றரை அடி, மேடை இரண்டடி. பின்னால் எஞ்சும் ஆறங்குலத்தில் நீர்க்குழாயைக் கொண்டு செல்லலாம். அதன் இரு முனைகளையும் கம்பிவலையால் அடைக்க மறந்தால், அவ்விடத்தில் முதலிற் குடியேறுவது எலி.

கதவுகளைப் பற்றியும் ஒரு சொல். மாரி காலத்தில் மூடிய அலுமாரிக்குள் வைத்த மாவும் தூளும் கட்டிபட்டுப் பூஞ்சணம் பிடிப்பதை யாவரும் அறிவர். முற்காலத்தில் கறியும் பாலும் வைக்கப் பயன்பட்ட கம்பிவலைப் பெட்டி, பல வீடுகளில் இருந்தது. அதனைச் செய்தவர்கள் நம் காற்றை அறிந்தவர்கள். பழைய அலுமாரிக் கதவின் நடுப்பலகையைக் கழற்றி, அதன் சட்டத்துக்குள் துருப்பிடிக்காத கம்பிவலையை அடித்தால் காற்றும் உலாவும், உள்ளே இருப்பதும் தெரியும். கழற்றிய நடுப்பலகைகளோ இலாச்சிகளுக்கு அடிப்பலகையாகும். எறும்பு வராதிருக்க அப்பெட்டியின் கால்களை நீர்க் கிண்ணங்களில் வைக்கும் வழக்கமும் அக்காலத்தது. தனியே நிற்கும் அலுமாரிக்கு இன்றும் அவ்வாறு செய்வோர், கிண்ணத்து நீரை வாரமொரு முறையேனும் கொட்டித் தேய்த்துக் கழுவ வேண்டும், அல்லது அதில் உப்பை நிறையக் கரைத்துவிட வேண்டும். டெங்கு நுளம்பு இத்தகைய கிண்ணங்களை விரும்பித் தேடி முட்டையிடும்.

அடுத்தது பழைய வர்ணம். இதிலே சிக்கனம் காட்டுவது ஆபத்து. தீந்தையில் ஈயத்தின் அளவுக்கு எல்லை வகுக்கும் ஒழுங்கு இலங்கையில் 2013ஆம் ஆண்டிலேதான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் பூசப்பட்ட எண்ணெய்த் தீந்தையில் ஈயம் இருக்கக்கூடும் என்றே கொள்ள வேண்டும். அதனை உலரவைத்தபடி தாளால் தேய்த்தால் எழும் தூசி, கண்ணுக்குத் தெரியாமல் தரையிலும் பாயிலும் படியும். தவழும் குழந்தை அதைக் கையால் தொட்டு வாயில் வைக்கும். ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுப்பது. கெடுத்தபின் மருந்தால் மீட்க முடியாதது. ஆகவே தேய்க்கும் வேலையை வீட்டுக்குள் செய்யக் கூடாது. முற்றத்தின் ஒதுக்கிலே, கீழே பழைய விரிப்பொன்றைப் போட்டு, மரத்தை நனைத்து நனைத்துத் தேய்க்க வேண்டும். கருவுற்றோரும் குழந்தைகளும் அப்பக்கம் வரலாகாது. உரித்த தீந்தையையும் கழிவையும் கட்டி அகற்ற வேண்டும். அவற்றை எரித்தலோ தோட்டத்தில் கொட்டுதலோ கூடாது. கிணற்றடியில் வைத்துத் தேய்ப்பது எவ்வளவு வசதியாயினும் அதனையும் விலக்குக. மரம் காய்ந்தபின், வெண்காரமும் போரிக் அமிலமும் கரைத்த நீரைப் பின்புறத்திலும் அடியிலும் தடவி, மீண்டும் காயவிட்டு, ஈயமற்றது எனக் குறித்த வர்ணத்தைப் பூசலாம். கழிவு எண்ணெய் பூசினால் கறையான் வராது என்று சிலர் அறிவுரை கூறுவர். வேலிக் கட்டைக்கு அது பொருந்தலாம். உணவு வைக்கும் பெட்டிக்குப் பொருந்தாது.

அலுமாரியில் மிச்சம் பிடித்த பணம் எங்கே செல்ல வேண்டும்? புகைக்கும் நெருப்புக்கும் நீருக்குமே செல்ல வேண்டும். 2020ஆம் ஆண்டில் மட்டும், வீட்டுக்குள் சமைக்கும் புகையினால் உலகில் ஏறத்தாழ 32 இலட்சம் பேர் மாண்டனர் என உலக சுகாதார ஸ்தாபனம் மதிப்பிட்டுள்ளது. 2012ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்போது நம் நாட்டின் பெரும்பாலான வீடுகள் விறகையே முதன்மை எரிபொருளாகக் கொண்டிருந்தன. யாழ்ப்பாணத்துப் பழைய வீடுகளில் அடுக்களையை வீட்டினின்றும் பிரித்துத் தனியே கட்டியதன் நன்மை, புகை உறங்கும் அறைக்கு வாராமை. மலையகத்து லயன் அறைகளில் அந்தப் பாக்கியமும் இல்லை. புகையும் உறக்கமும் ஒரே கூரையின்கீழ்.

எரிவாயு வந்தபின் புகைக்கூட்டை இடித்துவிட்டு அவ்விடத்தில் அலுமாரி வைத்தவர்கள், 2022இல் எரிவாயுவுக்கு வரிசையில் நின்றபோது மீண்டும் மூன்று கற்களை வைத்து, புகை போக வழியற்ற அறையிலே விறகெரித்தார்கள். ஆதலின், புதுக்கும் வீட்டில் புகைக்கூடு இருப்பின் அதனை இடியாதிருக்க வேண்டும். இல்லாவிடின் அலுமாரிக்கு முன்பே அதனைக் கட்டுவிக்க வேண்டும். அது கூரையின் முகட்டைக் கடந்து இரண்டு, மூன்று அடி உயர்ந்தால்தான் காற்று புகையை உள்ளே திருப்பித் தள்ளாது. எரிவாயுச் சிலிண்டரைக் கண்ணுக்குத் தெரியாமல் அலுமாரிக்குள் பூட்டி வைப்பதும் இப்போது ஒரு நாகரிகமாகியுள்ளது. 2021ஆம் ஆண்டின் இறுதியில் நாட்டின் பல பாகங்களில் எரிவாயு வெடிப்புகள் நிகழ்ந்து, அவற்றை ஆராயச் சனாதிபதி ஒரு குழுவை நியமித்ததை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். இந்த வாயு காற்றிலும் பாரமானது. கசிந்தால் மேலே செல்லாது, தரையோடு படிந்து தேங்கும். ஆகவே சிலிண்டரை வெளிப்புறத்தில் நிழலில் வைப்பது சிறந்தது. உள்ளேதான் இடமெனின், அந்த அறைக்குக் கதவே வேண்டாம். கதவு இருந்தே ஆக வேண்டுமாயின், அதன் அடியில் தரைமட்டத்தில் திறப்பு விடப்பட வேண்டும்.

இறுதியாக, அடுக்களையின் ஒரு மூலையில் நாலடிச் சதுரத்தை எதுவும் கட்டாமல் விட்டுவைத்தல் நன்று. எத்துணை வசதியான மேடை அமைத்தாலும், ஐம்பது, அறுபது ஆண்டுகள் தரையில் இருந்து பழகிய பாட்டி அதிலே நின்று தேங்காய் திருவப்போவதில்லை. மருமகளின் 33 அங்குலம் அவருடைய அளவன்று. அம்மூலைக்கு அலுமாரி எதுவும் வேண்டா. யன்னலின் வெளிச்சம் விழும் இடமாகப் பார்த்து, முதுகு சாயச் சுவரும், இருந்தெழும்போது கைபிடிக்கச் சுவரில் இறுக்கிய ஒரு மரச் சிலாகையும் இருந்தாற் போதும். அந்தச் சிலாகை, அறுத்த அலுமாரியின் கால்களுள் ஒன்றாகவே இருக்கலாம்.